ஓ.பி. கவுண்டருக்கு நான் இழுத்த கம்பி

"ஒரு ஹேர்ப்பின் உண்டா?" என்று வில்சன் கேட்டான்.

அவனுக்கும் எனக்க மகள் லில்லிக்கும் கல்யாணம் கழிந்து மூணாவது வாரம். லில்லி தலையைக் குனிந்து, பிச்சிப்பூவுக்கு அடியில் இருந்து ஒரு கறுத்த பின்னை உருவிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி ஓ.பி. கவுண்டரைச் சுற்றி ஒரு அம்பது பேராவது நின்றிருப்பார்கள். நிலவிளக்கு எரிகிறது. ரிப்பன் வெட்டியாச்சு. தட்டில் லட்டு இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஒண்ணும் இல்லை. ஒரு பச்சைப் புள்ளி நின்று மினுங்குகிறது, அவ்வளவுதான்.

பட்டுச்சேலையின் மணமும், டெட்டாலும், புது பெயின்டும் கலந்த ஒரு வாசம் அன்றைக்கு. 

போன வாரம் இங்கே நான் எழுதின மைக்செட் கதையைப் படித்துவிட்டு ஒருத்தர் எழுதியிருந்தார், "காண்ட்ராக்டரே, உங்களுக்குத் தோல்வியே கிடையாதா?" என்று. அந்தக் கடிதத்தை வீட்டில் உரக்க வாசித்தேன். தங்கபாய், எனக்க பெண்டாட்டி, எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவள் போன போக்கில்தான் இந்த ஹேர்ப்பின் ஞாபகம் வந்தது.

நான் யாரென்று புதிதாக வாசிப்பவர்களுக்கு

அஞ்சாம் கிளாசோடு நின்றவன் நான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் நான் கம்பி இழுக்காத ஊர் இல்லை. குளத்தூரில் சுவருக்குள்ளே குழாய் பதித்து வயரிங் செய்தவன் முதலில் நானாக்கும். கொல்லயிலில் கரன்ட் வருவதற்கு முன்பே ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்துக் கொடுத்தேன். கரன்ட் வந்த அன்றைக்கு ஸ்விட்சைப் போட்டதும் எல்லா பல்பும் எரிந்தது. அந்த வீட்டுக்காரர் சாகும்வரை அதைச் சொன்னார்.

எனக்கு இங்கிலீஷ் வராது. மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் கம்பியின் நிறம் எந்தப் பாஷையிலும் ஒண்ணுதான்.

அதிலே எனக்கு ஒரு நிஷ்டை, ஒரு கண்டிப்பு, உண்டு. நிறத்துக்கு நிறம். சிவப்பு ஒரு முனையில் எங்கே ஏறுகிறதோ, மறுமுனையிலும் அங்கேயே இறங்க வேண்டும். மாற்றிக் கட்டுகிறவனை எனக்க கூட்டத்தில் வைக்க மாட்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் வேலை தொடங்கின காலத்தில் காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தலில் லைட் கட்டினவன் கறுப்பையும் சிவப்பையும் தலைமாற்றிக் கட்டிவிட்டான். ஸ்விட்சை அணைத்தாலும் கம்பியில் கரன்ட் நின்றது. பாத்திரம் கழுவ வந்த ஒரு அம்மா ஈரக்கையோடு, கம்பி சுற்றின பந்தல் காலைப் பிடித்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தக் கையின் விரல்கள் பிறகு மடங்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் நானும் ஒருத்தன். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்.

நான் செய்தது இன்னதென்று இனி சொல்லப்போவதற்கு இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அங்கே சரி. எல்லா இடத்திலும் அதுவே சரி என்று நான் நினைத்ததுதான் விஷயம்.

மருமகனுக்கு ஒரு நாற்காலி

கொல்லயில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அதன் வயரிங் முழுக்க எனக்க வேலை. தொண்ணூறுகளில் ஒரு வருஷம், வெளிநாட்டிலிருக்கும் ஒரு சபைக்காரர் அதற்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் அனுப்பினார். 'யூனிக்ஸ் பெட்டி' என்று எல்லாரும் சொன்னோம். அதை ஏ.சி. போட்ட ஆபீஸ் அறையில் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஓ.பி. கவுண்டரில் ஒரு திரையும் தட்டச்சுப் பலகையும். அதற்கு டெர்மினல் என்று பெயர். அதற்கென்று தனி மூளை கிடையாது. நோயாளி பெயரை இங்கே அடித்தால் கம்பி வழியாக அங்கே பெட்டிக்குப் போகும், பெட்டி சொல்லும் பதில் இங்கே திரையில் வரும். அந்தக் கம்பியை இழுத்தவன் நான். வராந்தா நெடுக, சுவரைத் துளைத்து, ஒரு வளைவு தெரியாமல். இரண்டு முனையிலும் இருபத்தஞ்சு கால் உள்ள பிளக்கை நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். நிறத்துக்கு நிறம்.

அந்த நேரத்தில்தான் லில்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வில்சன், காஞ்சிரங்குளத்துக்காரன். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் தற்காலிக வேலை. மஸ்கட்டில் ஒரு வேலைக்குக் கடிதமும் வந்து கிடந்தது.

லில்லி ஒரே மகள். அவள் கடல் தாண்டிப் போவதை தங்கபாய்க்கு நினைக்கக்கூட முடியவில்லை. எனக்கும்தான், ஆனால் நான் சொல்வேனா? நேராகப் போய் ஆஸ்பத்திரி அட்மினிஸ்ட்ரேட்டர் மாத்யூ சாரிடம் பேசினேன். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது எனக்க மருமகனாக இருக்கட்டும். குவார்ட்டர்ஸும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

"திறப்பு விழாவிந்நு வரட்டே, நோக்காம்" என்றார் சார். விழாவுக்கு வரட்டும், ஆளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று.

அதனால்தான் அன்றைக்கு, மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவனை, இலை போடுவதற்கு முன்பே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஹேர்ப்பின்

திரையில் எழுத்து வராமல் கிடந்ததும் நான் பதறவில்லை. சந்தோஷப்பட்டேன் என்றே சொல்லலாம். நல்ல சந்தர்ப்பம் அல்லவா!

"மாப்பிள்ளை இருக்காருல்லா!" என்று உரக்கச் சொன்னேன். "இஞ்ச வாருங்க மாப்பிள்ளை. ஒண்ணு பாத்து விடுங்க."

வில்சன் சட்டைக் கையை மடக்கினான். முதலில் ஏ.சி. அறைக்குப் போனான். பெட்டியில் என்னமோ தட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டியில கம்பி வந்து சேருற வாசல் திறந்துதான் இருக்கு" என்று வந்தான். பிறகு இரண்டு பக்கமும் எழுத்துப் போகிற வேகம் ஒண்ணுதானா என்று பார்த்தான். ஒண்ணுதான்.

அப்புறம்தான் ஹேர்ப்பின் கேட்டான். டெர்மினலின் பின்னால் எனக்க பிளக்கைக் கழற்றினான். அந்த ஓட்டையில் நீட்டிக்கொண்டிருந்த கால்களில் இரண்டை ஹேர்ப்பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, லில்லியிடம், "என்னமாவது தட்டு" என்றான்.

லில்லி தன் பெயரைத் தட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் அவள் பெயர் வந்தது.

கூட்டம் கைதட்டியது. நான் எல்லாரையும் விடச் சத்தமாக, "வந்தாச்சு! பாத்தியளா!" என்றேன்.

"இல்ல மாமா. இது வந்ததா கணக்கில்ல. நாம சொல்லுறது நமக்கே திரும்பிக் கேக்குது. அங்க போகல்ல" என்றான் வில்சன்.

பின்னை எடுத்தான். மறுபடி பச்சைப் புள்ளி மட்டும்.

பெட்டி நல்லா இருக்கிறது. டெர்மினல் நல்லா இருக்கிறது. வாசிக்கிற உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும் மிச்சம் என்ன என்று. எனக்குத் தெரியவில்லை.

வில்சன் குனிந்து எனக்க பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாமா, இதில ரெண்டாம் காலும் மூணாம் காலும் எப்பிடிப் போட்டிருக்கிய?" என்றான்.

அவன் பையக் கேட்டதை நான் பைய வைத்துக்கொண்டேனா? இல்லை.

"நேரா!" என்றேன், கூட்டம் முழுக்கக் கேட்க. "ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. எனக்க கையாக்கும் பற்றவச்சது. முப்பது வருஷத்தில எனக்க கம்பியில ஒரு குத்தம் சொன்னவன் இந்தத் தாலூக்காவில உண்டா? இருந்தா வரச்சொல்லு!"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது தெம்பாக இருந்தது.

வில்சன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். கோபம் இல்லை. மாமனார் வீட்டுக்கு முதல் விருந்துக்கு வந்தவன், சுற்றிலும் பெண் வீட்டுக்காரர்கள், சபைக்காரர்கள். எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை மாமனார் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டான்.

பிளக்கைத் திரும்ப மாட்டி, இரண்டு திருகாணியையும் விரலால் இறுக்கினான்.

கோளாறு எங்கே என்று மாத்யூ சார் கேட்டார். "அப்போ கொழப்பம் எவிடெயா?"

"கேபிள் நல்லதாணு சார்," என்றான் வில்சன். "எனிக்கா மனசிலாகாத்தது."

கம்பி நல்லதுதான், எனக்குத்தான் புரியவில்லை என்று. அத்தனை பேர் முன்னால்.

மாத்யூ சார் தலையை ஆட்டினார். பிறகு லட்டுத் தட்டைப் பார்த்துத் திரும்பினார். அந்தத் திரும்பலில் நாற்காலியும் குவார்ட்டர்ஸும் போயிற்று. எனக்கு அது அப்போதே விளங்கியது. வேறு எதுவும் விளங்கவில்லை.

விருந்து

வீட்டுக்கு வந்து இலை போட்டோம். நாட்டுக்கோழி, மரச்சீனிக்கிழங்கு, நெய்மீன், இரண்டு பாயசம். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லி வைத்த சொல் தரையில் விழுந்துவிட்டதே!

பரிமாறுகிற இடத்தில் நின்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன்: "படிச்ச படிப்புக்கு கடைசியில கையில மிஞ்சினது பொண்டாட்டிக்க ஹேர்ப்பின்!"

பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எனக்க வீட்டு ஆட்கள் நடுவில் அவனுக்குப் பெயர் 'ஹேர்ப்பின் மாப்பிள்ளை'. வில்சனும் சிரித்தான். இலையில் சோறு பாதி கிடந்தது. லில்லி பாதியில் எழுந்து கை கழுவப் போனவள் திரும்பி வரவில்லை.

"இஞ்ச பாருங்க," என்று தங்கபாய் எனக்க முழங்கையைப் பிடித்தாள். "பிள்ளை சாப்பிடட்டும். வாயை ஒண்ணு அடக்கிக்கிட்டு இருங்க."

நான் பாயசத்தைக் கரண்டியோடு எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் மாத்யூ சார் ஃபோன் பண்ணினார். டெர்மினல் ஓடுகிறது, எழுத்து வருகிறது என்று.

"நான் அப்பமே சொன்னேம்லா சார்! மெஷினுக்க குத்தமாக்கும். அதுக்கு மூடு வரணும், வந்திருக்கு. எனக்க கம்பியைத் தொடவே இல்ல."

"எந்தாயாலும் நன்னாயி," என்றார், எப்படியானாலும் நல்லதாச்சு என்று. வேலைக்கு வேறு ஆளைச் சொல்லியாச்சு என்றும் சொன்னார்.

அடுத்த மாதம் வில்சனும் லில்லியும் மஸ்கட்டுக்குப் போனார்கள். விமான நிலையத்தில் தங்கபாய் அழுத அழுகையில் முன்பின் தெரியாத ஒரு பொம்பளை வந்து தண்ணீர் கொடுத்தாள். பேரப்பிள்ளை அங்கேதான் பிறந்தது. முதல் இரண்டு வருஷம் நாங்கள் அதன் குரலை ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று காதில் மட்டும் கேட்டோம். அது அழும், மீட்டர் ஓடும்.

"அன்னைக்கு இவன் கைவேலை அறிஞ்சவனா இருந்தா பிள்ளை இஞ்ச நம்ம முற்றத்தில கிடந்து வளரும்" என்று நான் அடிக்கடி சொல்லுவேன். தங்கபாய் பதில் சொல்ல மாட்டாள். அவளுக்கு வருத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

லாபுக்கு ஒரு டெர்மினல்

சில வருஷம் கழித்து ஆஸ்பத்திரி லாபிலும் ஒரு டெர்மினல் வைத்தார்கள். கூப்பிட்டது என்னைத்தான், பின்ன யாரை? அதே கம்பி, அதே பிளக். நிறத்துக்கு நிறம்.

மாட்டினோம். பச்சைப் புள்ளி.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள் ஷீஜா என்ற நெய்யாற்றின்கரைப் பெண். வில்சனுக்கு நான் வாங்கிக் கொடுக்க நினைத்த நாற்காலியில் இருந்தவள். அவள் எனக்க பிளக்கைத் திறந்து பார்த்தாள்.

"அங்கிளே, இது நேரே கட்டினதல்லோ. இப்படிப் போட்டா எங்ஙன பேசும்?" என்றாள், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. "ரெண்டாம் காலு வாயி. மூணாம் காலு காது. நீங்க வாய்க்கு வாயும் காதுக்கு காதும் கட்டியிருக்கீங்க. ரெண்டு பேரும் பேசும், ஆரும் கேக்காது. வாயை மத்தவனுக்க காதில கட்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கொள்ளாமே, நல்லா இருக்கே! அப்பம் ஓ.பி.யில மட்டும் எப்பிடி இத்தன வருஷமா ஓடுது? அதும் இதே கட்டுத்தான். எனக்க கை."

"அதுக்கு அடாப்டர் உண்டே," என்றாள் அவள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் ஏ.சி. அறைக்குப் போனேன். பெட்டியின் முதுகில், நான் இழுத்த கம்பி போய்ச் சேருகிற இடத்தில், பெட்டிக்கும் எனக்க பிளக்குக்கும் நடுவில் வெளுத்த நிறத்தில் ஒரு துண்டு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் நேராக வாங்கி மறுபக்கம் மாற்றிக் கொடுக்கிற சாதனம். எனக்க கம்பியை யாரும் வெட்டவில்லை, பிரிக்கவில்லை. நான் இறுக்கினபடியே இருந்தது. அதன் தப்பை இந்தத் துண்டு மட்டும் பேசாமல் திருத்திக்கொண்டிருந்தது.

"இதாரு வச்சது?" என்றேன்.

ஷீஜாவுக்குத் தெரியவில்லை. அவள் வரும்போதே இருந்ததாம். வாசலில் நின்ற அட்டெண்டர் பொன்னய்யன் தொண்டையைச் செருமினான்.

"உங்களுக்க மருமகனாக்கும், காண்ட்ராக்டரே."

"எப்பம்?"

"திறப்பு விழா கழிஞ்ச ஞாயித்துக்கிழமை. நீங்க எல்லாரும் சர்ச்சில ஆராதனையில இருக்கிய நேரம் பாத்து, திருவனந்தபுரத்தில இருந்து பஸ்சில வந்தாரு. இந்தச் சாதனத்தைச் சட்டைப்பையில இருந்து எடுத்து மாட்டினாரு. கவுண்டரில எழுத்து வந்ததும் பாத்துட்டுப் போயிட்டாரு. ஒரு சாயா குடிக்கச் சொன்னேன், வேண்டாம்ணுட்டாரு."

"எனக்கிட்ட ஏம்லே சொல்லல்ல?"

"சொல்லாதேண்ணு சொன்னாரு. மாமாவுக்குச் சங்கடமாவும்ணு." பொன்னய்யன் தரையைப் பார்த்தான். "பின்ன, நீங்க கேக்கவும் இல்லியே. தானா சரியாச்சுண்ணு நீங்கதான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு நடந்திய."

ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்தது. அந்த அறையிலிருந்து எங்கள் சர்ச் நடக்கிற தூரம்தான். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்க மைக்கில் எனக்க குரலே எல்லாரையும் விட உரக்கக் கேட்கப் பாடிக்கொண்டிருந்த நேரம் அவன் இங்கே குனிந்து திருகாணி இறுக்கியிருக்கிறான். பிறகு மாமனார் வீட்டு வழியைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருக்கிறான்.

மாத்யூ சாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாற்காலி அவனுக்கு. சொன்னால் தப்பு எனக்க கம்பியில் என்று வரும். சொல்லவில்லை.

அன்றைக்கு ஈயம் உருக்குகிற கோலைக் கையில் எடுத்து, லாப் கம்பியின் ஒரு முனையில் ரெண்டாம் மூணாம் காலுக்குப் போகிற சிவப்பையும் வெள்ளையையும் தலைமாற்றிப் பற்றவைத்தேன். ஈயம் இரண்டு தரம் கீழே சொட்டியது. பிறகு ஓ.பி. கம்பியின் முனையையும் பிரித்து மாற்றிப் பற்றவைத்தேன். துண்டு மிச்சமாயிற்று. ஷீஜாவிடம் கேட்டு வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மீன் துண்டு

அந்த வருஷம் கிறிஸ்மசுக்கு அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். பேரன் கழுத்தைக் கட்டிக்கொண்டான், விட்டுவிட்டேன். ஜீப்பில் சொல்லலாம் என்று நினைத்தேன். நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு, பாறசாலையும் வந்தாச்சு.

மதியம் தங்கபாய் பரிமாற, பேரனோடு நாங்கள் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சட்டைப்பையில் இருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வாய் திறந்தேன். முப்பது வருஷம் மைக் இல்லாமலே மைக்செட் மாதிரி உரக்கப் பேசின வாய். சத்தம் வரவில்லை.

வில்சன் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு மீன் சட்டியை எனக்க பக்கம் நகர்த்தினான்.

"மாமா, நெய்மீன் போடட்டுமா? நல்ல ஃப்ரெஷ்ஷாக்கும்."

அதாவது, அப்போதும் என்னைத் தப்பவிடப் பார்க்கிறான்.

"எனக்க கம்பி தப்பு, மாப்பிள்ளை," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அது சின்ன காரியம் மாமா."

"சின்னதா?" என்று லில்லி கேட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேரனின் சோற்றில் முள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹேர்ப்பின் மாப்பிள்ளைண்ணு நீங்க எல்லாரும் சிரிச்சிய. அந்த ஹேர்ப்பின் எனக்கதாக்கும் அப்பா. அதை வச்சுப் பாத்த உடனே இவருக்குத் தெரியும். ஜீப்பில பின் சீட்டில வரும்போதே எனக்குச் சொல்லியாச்சு. அம்மாட்ட அன்னைக்கே நான் சொன்னேன்."

நான் தங்கபாயைப் பார்த்தேன். அவள் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பாயசக் கரண்டியோடு நான் அடுத்த வரிசைக்குப் போகும் முன்னால் எனக்க முழங்கையைப் பிடித்தவள். 'கைவேலை அறிஞ்சவனா இருந்தா' என்று நான் சொன்ன ஒவ்வொரு தரமும் பேசாமல் இருந்தவள்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்க வீட்டில், எனக்க மேசையைச் சுற்றி, இத்தனை வருஷமும், எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

"உனக்கும் அறியும்?" என்றேன்.

"அறியும்," என்றாள் தங்கபாய். "சோறு ஆறுது. தின்னுங்க."

பேரன் அந்தத் துண்டை எடுத்துத் தரையில் கார் ஓட்டத் தொடங்கினான். யாரும் வாங்கவில்லை. நான் மீனில் முள் தேடுகிறவன் போலத் தலையைக் குனிந்தே இருந்தேன். எனக்க தட்டில் இருந்ததில் முள்ளே இல்லை. தங்கபாய் இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் முழுசாகத் தின்றேன்.